வலி தணிக்கும் தழைகளும் அவற்றைப் பரீக்ஷிக்கும் முறையும்

கரிசல் பூமியில் களையெடுப்பும் பருத்தியெடுப்பும் நடைபெறும் மாதங்களில், நாள் முழுவதும் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு இடுப்புப் பிடிப்பும் முழங்கால் வலியும் உண்டாவது சகஜம். அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலூகாக்களில் எந்தக் கிராமத்திற்குச் சென்றாலும், இவ்வலிக்கு நொச்சித்தழை ஒத்தடமோ, முடக்கத்தான் ரசமோ, வாதநாராயணன் தழை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர்க் குளிப்போ சொல்லாத வீடு இராது. இத்தழைகள் விலைக்கு வாங்கப்படுவன அல்ல. நொச்சி கண்மாய்க் கரையிலும் ஓடையோரத்திலும் வளர்கிறது; முடக்கத்தான் வேலியில் படர்கிறது; வாதநாராயணன் மழை குறைந்த நிலத்திலும் தாக்குப்பிடித்து நிற்கும் மரம்.

நான் கிராமங்களுக்குப் போகும்போது விவசாயிகள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. இந்தத் தழைகளில் நிஜமாகவே குணம் உண்டா, அன்றி எல்லாம் நம்பிக்கைதானா என்பது ஒன்று. மருந்துச் சரக்கு வியாபாரிகள் இவற்றை வாங்குவதாகக் கேள்விப்படுகிறோமே, வரப்பிலும் தரிசிலும் வைத்து வளர்த்தால் பிரயோஜனம் உண்டா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு தழை வலியைத் தணிக்கிறது என்று எப்படி நிச்சயிக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டால், எதை நம்பலாம், எதைச் சேகரிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பன தாமே விளங்கும்.

பரீக்ஷை என்பது விவசாயிக்குப் புதிதன்று. கோவிலாங்குளத்திலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தைப் பார்வையிட்டவர்கள், ஒரு புதிய உரத்தைச் சோதிக்கும்போது உரமிட்ட பாத்திக்குப் பக்கத்தில் உரமிடாத பாத்தி ஒன்றும் இருப்பதைக் கண்டிருப்பார்கள். அப்படி இல்லாவிட்டால், அவ்வருஷத்து விளைச்சல் உரத்தால் வந்ததா, ஐப்பசி மழையால் வந்ததா என்று சொல்ல முடியாது. ஒரே பாத்தியைக் கண்டு முடிவுகட்டாமல், அதையே நிலத்தின் பல இடங்களில் மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். ஒரு மூலையில் மண் நல்லதாக இருந்து ஏமாற்றிவிடக்கூடாது அல்லவா? மருந்தைச் சோதிப்பதும் இதே நியாயம்தான். மருந்து கொடாதவர்கள் உரமிடாத பாத்திக்குச் சமானம்.

வலி விஷயத்தில் இந்த ஒப்பீடு மிகவும் அவசியம். ஏனெனில், வலி தானாகவே ஏறி இறங்கும் குணமுடையது. ஒருவர் வைத்தியத்தைத் தேடுவது வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான். உச்சத்தில் இருப்பது எதுவும் செய்யாவிட்டாலும் சில தினங்களில் சற்று இறங்கும். பூச்சி தானே ஓயும் தருணத்தில் மருந்தடித்தவர், தம் மருந்தே பூச்சியைக் கொன்றதென்று சொல்வதைப் போன்றது இது. அன்றியும், நொச்சித்தழையைத் துணியில் முடிந்து சூடுகாட்டி ஒத்தும்போது, சுகம் தருவது தழையா, சூடா, அல்லது பக்கத்தில் உட்கார்ந்து ஒத்துகிற மகளின் கையா என்பதையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

இவ்விதம் பிரித்துப் பார்க்காமலே ஒரு நல்ல மருந்து கிடைத்த கதையும் உண்டு. இங்கிலாந்தில் எட்வர்டு ஸ்டோன் என்ற பாதிரியார், ஒருவகை வில்லோ மரத்தின் பட்டையைக் கடித்துப் பார்க்க, அது சின்கோனாப் பட்டையைப்போல் கசந்தது. அவர் அதை ரொட்டிச் சூளையின்மேல் மூன்று மாதங்களுக்குமேல் உலர்த்திப் பொடித்து, குளிர்காய்ச்சல் கண்ட ஏறக்குறைய 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 1763-ல் லண்டன் ராயல் சங்கத்திற்கு எழுதினார். மருந்து கொடாதவர்களோடு ஒப்பிடவில்லை என்ற குறை அவர் சோதனையில் இருந்தது. எனினும் அவர் காட்டிய வழி வீண் போகவில்லை. அப்பட்டையின் சத்தாகிய சாலிசினை 1876-ல் மக்லகன் என்ற வைத்தியர் கீல்வாதக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். அதன் இனத்தைச் சேர்ந்த பொருளொன்றை 1897-ல் பேயர் கம்பெனியின் ரசாயன சாலையில் தயாரித்தார்கள். ஆஸ்பிரின் என்று நாம் அறிவது அதுவே. அது உடலில் என்ன செய்கிறதென்பது 1971 வரையில் விளங்கவில்லை. காயமோ அழற்சியோ உண்டான இடத்தில் உடல் தானே உண்டாக்கும் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் வீக்கத்தையும் வலியையும் பெருக்குகின்றன என்றும், ஆஸ்பிரின் அவை உண்டாகாமல் தடுக்கிறதென்றும் அவ்வருஷம் ஜான் வேன் நிரூபித்தார். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

இப்பொழுது தழைகளைச் சோதிக்கும் ஆய்வுசாலைகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். தழையை நிழலில் உலர்த்திப் பொடித்து, நீரிலோ சாராய சத்திலோ ஊறவைத்து வடித்து, அவ்வடிநீரை வற்றச்செய்து கிடைக்கும் சாற்றுச்சத்தை நிறுத்து வைக்கிறார்கள். எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்திற்குத் தண்ணீர் மாத்திரமும், ஒன்றிற்கு ஆஸ்பிரினைப் போன்ற அறிந்த மருந்தும், மற்றக் கூட்டங்களுக்குச் சாற்றுச்சத்தை இரண்டு மூன்று அளவுகளிலும் கொடுப்பார்கள். கூட்டத்திற்கு ஆறு எலிகள் வைப்பது சாதாரண வழக்கம். அளவு உடல் நிறைக்குத் தக்கபடி, ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடப்படும்.

பிறகு வலியை அளக்கவேண்டும். எலி வாய் திறந்து சொல்லாதாகையால் அதன் செய்கையை அளக்கிறார்கள். 1944-ல் உல்ஃப், மக்டொனால்டு என்ற இருவர் வகுத்த சூட்டுத்தட்டு முறையில், ஏறக்குறைய 55 டிகிரி செண்டிகிரேடு சூடுள்ள தட்டின்மேல் சுண்டெலியை விட்டு, அது பாதத்தை நக்குவதற்கோ துள்ளுவதற்கோ எத்தனை விநாடி ஆகிறதென்று குறிக்கிறார்கள். பாதம் வெந்துபோகாதபடி, குறித்த விநாடிகள் கடந்தால் எலியை எடுத்துவிடவேண்டுமென்பது விதி. 1941 முதல் வழக்கத்திலிருக்கும் மற்றொரு முறையில், வாலின்மேல் சூடான ஒளியை விழச்செய்து எலி எப்பொழுது வாலை இழுத்துக்கொள்கிறதென்று பார்க்கிறார்கள். 1959-ல் வந்த முறையோ வேறு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை வயிற்றறையில் செலுத்தி, எலி எத்தனை தடவை உடலை முறுக்குகிறதென்று எண்ணுவது அது. முதல் இரண்டு முறைகளிலும் நேரம் நீடித்தால் மருந்து மூளை, தண்டுவடம் வழியாக வேலை செய்கிறதென்றும், மூன்றாவதில் மாத்திரம் பலன் தெரிந்தால் வலி பிறக்கும் இடத்திலேயே ஆஸ்பிரினைப்போல் வேலை செய்கிறதென்றும் ஊகிக்கிறார்கள்.

வீக்கத்தைச் சோதிக்க 1962-ல் விண்டரும் அவர் சகாக்களும் ஒரு வழி கண்டார்கள். கராஜீனன் என்னும் பொருளை எலியின் பாதத்தில் செலுத்தி, வீக்கம் மணிக்கு மணி எவ்வளவு ஏறுகிறதென்று அளப்பது அது. கராஜீனன் என்பது செந்நிறக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படுவது. நமக்குக் கிழக்கே மண்டபம் கடற்கரையில் மிதவை கட்டி வளர்க்கும் பாசியும் இதற்காகவே வளர்க்கப்படுகிறது. ஒரு கடற்கரையின் பாசி கரிசல் வேலியின் தழைக்குப் பரீக்ஷகனாக அமைவது வேடிக்கைதான்.

இங்கே ஒரு பொறி உண்டு. மயக்கம் தரும் தழையைக் கொடுத்தால் எலி தூங்கிவழியும். தூங்கும் எலி துள்ளாது. துள்ளாததைக் கண்டு வலி தணிந்ததென்று எழுதிவிட்டால் பரீக்ஷை முழுவதும் தவறு. ஆகையால், சுழலும் உருளையின்மேல் எலி தடுமாறாமல் நிற்கிறதா என்ற சோதனையையும் உடன் செய்யவேண்டும். இந்த இரண்டாவது சோதனையின்றி வெளிவந்திருக்கும் முடிவுகளை நான் அரைக் கண்ணால்தான் படிக்கிறேன். மேலும், பிராணிகளை இவ்வாறு சோதிப்பது பதிவுபெற்ற ஸ்தாபனங்களில், அதற்குரிய குழுவின் அனுமதியோடு மாத்திரம் செய்யத்தக்கது. 1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் இதைக் கட்டுப்படுத்துகிறது. வீட்டில் செய்து பார்ப்பது குற்றம்.

நமது தழைகளில் நொச்சிக்கு இவ்வழியில் நல்ல சாட்சியம் கிடைத்திருக்கிறது. 2003-ல் இலங்கையில் தர்மசிறியும் அவர் சகாக்களும், முதிர்ந்த பச்சை நொச்சியிலையின் நீர்ச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்துச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். பாத வீக்கம் குறைந்தது. சூட்டுத்தட்டில் எலிகள் அதிக நேரம் பொறுத்தன. புராஸ்டகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கும் குணமும் சாற்றில் தென்பட்டது. ஆனால் ஒரு விசேஷத்தைக் கவனிக்கவேண்டும். வலி தணிவது அளவு கூடக் கூட அதிகரித்தது; வீக்கம் வடிவதோ குறைந்த அளவில்தான் நன்றாயிருந்தது. யூரியாவை இரட்டிப்பாகப் போட்டால் விளைச்சல் இரட்டிக்கும் என்று எண்ணும் சிலர் நம்மிடையே உண்டு. தழையையும் கைநிறைய அள்ளிக் காய்ச்சுகிறவர்கள் அவர்களே.

எலிக்குக் கொடுத்த அளவை மனிதனுக்கு நேராகக் கணக்கிடலாகாது. சிறிய பிராணியின் உடல் மருந்தை வேகமாய்ச் செலவழிக்கும். ஆகையால் சுண்டெலிக்குக் கிலோவுக்கு இத்தனை என்ற அளவை ஏறக்குறைய 12-ஆல் வகுப்பது வழக்கம். உதாரணமாக, சுண்டெலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாற்றுச்சத்து பலன் தந்ததென்று வைத்துக்கொள்வோம். மனிதனுக்கு அது கிலோவுக்கு 33 மில்லிகிராம். 60 கிலோ நிறையுள்ளவருக்கு 2 கிராம். பத்துப் பங்கு உலர்ந்த தழையிலிருந்து ஒரு பங்கு சத்து கிடைப்பதானால் 20 கிராம் உலர்தழை வேண்டும். ஐந்து பங்கு பச்சைத்தழை உலர்ந்தால் ஒரு பங்காகும் என்று கொண்டால் பச்சையில் 100 கிராம். ரசத்தில் கிள்ளிப்போடும் நாலு இலைக்கும் இதற்கும் வெகு தூரம். பத்திரிகைகளில் எலிகளிடம் கண்ட பலனைப் படித்துவிட்டு, அன்றிரவே முழங்கால் வலி போய்விட்டதென்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதுண்டு.

ஒரு பிராணிக்கு இதமானது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம் என்பதற்கு நம் கால்நடைகளே சாட்சி. காளையின் கால்வீக்கத்திற்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டால் காளைக்கு நல்ல சுகம் கிடைத்தது. ஆனால் அப்படி ஊசி போடப்பட்ட மாடு இறந்து, அதன் பிணத்தைத் தின்ற பாறுக்கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. இந்தியா முழுவதும் அவ்வினம் அற்றுப்போகும் நிலைக்கு வந்தபின், 2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது.

இனி, இக்கட்டுரையில் எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்லுகிறேன். நம் கரிசல் வயல்களில் தரையோடு படர்ந்து, ஆடும் வாய்வைக்காத ஒரு செடி உண்டு. அதனாலேயே அதற்கு ஆடுதீண்டாப்பாளை என்று பெயர். வயிற்றுப் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் இதைக் கொடுப்பது பழைய வழக்கம். இச்செடியின் குலம் முழுவதிலும் அரிஸ்டலோகிக் அமிலம் என்னும் பொருள் உண்டு. அது சிறுநீரகத்தைச் சுருங்கச் செய்து, மூத்திரப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கவல்லது. 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் பெல்ஜியம் தேசத்துப் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைப்பதற்காகச் சீனத்துத் தழை மருந்து உண்ட பெண்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. விசாரித்ததில், சீன பாஷையில் ஏறக்குறைய ஒரே பெயருள்ள இரண்டு செடிகளில், கெடுதியற்றதற்குப் பதிலாக இக்குலத்துச் செடி மருந்தில் சேர்ந்திருந்தது புலப்பட்டது. டான்யூப் நதிக்கரைக் குடியானவர்களின் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. அவர்களுடைய கோதுமை வயல்களில் இக்குலத்துக் களை ஒன்று முளைத்து, அதன் விதை அறுவடையில் கோதுமையோடு கலந்து, மாவாகி, ரொட்டியாகி, தலைமுறை தலைமுறையாகச் சில கிராமங்களில் மாத்திரம் சிறுநீரக வியாதியை உண்டாக்கிவந்தது. காரணம் பல வருஷங்கள் தெரியாதிருந்து, 2007-ல்தான் தக்க ருசுவோடு நிச்சயமாயிற்று. 2002-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம், இக்குலத்துச் செடி சேர்ந்த தழை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன என்று வகைப்படுத்திவிட்டது.

இதன் கொடுமை என்னவெனில், உண்டவனுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பாட்டனார் உண்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற பேச்சு வலி தணிந்ததற்குச் சாட்சியாகலாம்; பத்து இருபது வருஷம் கழித்து வரும் கெடுதிக்குச் சாட்சியாகாது. ஆகையால் ஆடுதீண்டாப்பாளையை எக்காரணம் கொண்டும் உள்ளுக்கு உண்ணலாகாது. தானியத்தோடு அதன் விதை சேராதபடி, காய் வெடிக்குமுன் களைந்தெறிவதும் நன்று.

பெயர்க் குழப்பம் பெல்ஜியத்தில் மாத்திரம் உள்ளதன்று. நம் பக்கத்தில் வாதமடக்கி என்று கேட்டால் சில ஊரில் தழுதாழையைக் காட்டுவார்கள். சில ஊரில் வாதநாராயணனைக் காட்டுவார்கள். முன்னது முட்போன்ற கிளைகளையுடைய புதர். பின்னது வெண்பூப் பூத்து மஞ்சளாக மாறும் மரம். இரண்டும் வேறு வேறு குடும்பம். அவ்வாறே, நொச்சி என்பது ஒரே காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகளை விரல்போல் விரித்திருப்பது. கருநொச்சி எனப்படுவதோ தனித்தனி நீண்ட இலையுடைய, ஆடாதோடைக் குடும்பத்துச் செடி. ஒன்றைச் சோதித்த முடிவு மற்றதற்குச் செல்லாது.

தழை சேகரிப்பதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன், திருச்சுழி அருகிலுள்ள ஒரு கிராமத்தாருக்கு நொச்சித்தழை சேகரித்து விற்க யோசனை சொன்னேன். அவர்கள் தழையை ஒடித்துக் களத்தில் சித்திரை வெயிலில் பரப்பினார்கள். இரண்டே நாளில் சருகாயிற்று, எனக்கும் திருப்திதான். வாங்க வந்தவர் ஒரு கைப்பிடி எடுத்துக் கசக்கி முகர்ந்துபார்த்து, வாசனை இல்லை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். நொச்சியின் வாசனைத் தைலம் வெயிலில் ஆவியாகிவிடும் என்பதை நான் டிப்ளமாப் படிப்பில் படித்திருந்தும், களத்தில் மறந்துபோனேன். கிராமத்தாரிடம் அதற்குப் பிறகு ஒரு பருவம் வரையில் என் வார்த்தை எடுபடவில்லை. நியாயம்தான். தழையைக் காலைப் பனி உலர்ந்தபின் ஒடித்து, காற்றோட்டமுள்ள கொட்டகை நிழலில் மெல்லியதாய்ப் பரப்பி, தினம் ஒருமுறை புரட்டி, காம்பு ஒடித்தால் படக்கென்று ஒடியும் வரையில் உலர்த்தவேண்டும். பச்சை நிறமும் வாசனையும் நிற்கவேண்டும். சாலையோரத்துத் தழையையும், பக்கத்து வயலில் பூச்சி மருந்தடித்த இரண்டு வாரத்திற்குள்ளான தழையையும் எடுக்கலாகாது. விலையைப்பற்றி ஒரு வார்த்தை: வாங்குகிறவரிடம் முன்கூட்டி அளவும் விலையும் எழுதி வாங்காமல், பருத்தி போடும் நிலத்தில் ஒருவரும் தழைப்பயிர் வைக்கவேண்டாம். வரப்பும் கண்மாய்க் கரையும் போதும்.

மேற்பூச்சாக, ஒத்தடமாக நொச்சியை உபயோகிக்கிறவர்கள் தம்மளவில் ஒரு சிறிய ஒப்பீடு செய்து பார்க்கலாம். அதில் தீங்கு இல்லை. ஒரு வாரம் நொச்சித்தழை முடிப்பாலும், அடுத்த வாரம் அதே துணியில், அதே சூட்டில், வறுத்த உமியோ மணலோ முடிந்தும் ஒத்தடம் கொடுத்து, தினம் மாலையில் வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரையில் ஓர் எண்ணால் குறித்துக்கொள்ளவேண்டும். அரை நிமிஷத்தில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறதென்றும் எண்ணலாம். இது வாய்ச்சொல்லைவிட நேர்மையான கணக்கு. நொச்சியின் வாசனை எது எதுவென்று காட்டிக்கொடுத்துவிடும் என்பது இப்பரீக்ஷையின் குறை; அதை நீக்க எனக்கு வழி தெரியவில்லை. மூட்டு சிவந்து காய்ச்சலும் சேர்ந்தால், கால் மரத்துப்போனால், வலி மார்பிலிருந்து இடது கைக்கு இறங்கினால் தழையைத் தேடி நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சிறுநீரக வியாதியோ, கர்ப்பமோ உள்ளவர்கள் எந்தத் தழையையும் தகுந்த சித்த வைத்தியரைக் கேளாமல் உள்ளுக்கு உண்ணவேண்டாம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேலை உண்டு. 2002-ம் வருஷத்து உயிர்ப்பன்மைச் சட்டப்படி, உள்ளூர் ஸ்தாபனங்களில் அமையும் குழு, அவ்வூர்ச் செடிகளையும் அவற்றைப்பற்றி ஜனங்கள் அறிந்தவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கவேண்டும். பல இடங்களில் இப்பதிவேட்டில் வேம்பு, துளசி என்று பெயர்கள் மாத்திரம் வரிசையாக இருக்கின்றன. அது போதாது. எந்தத் தழை, எந்தப் பாகம், எந்த மாதத்தில் எடுப்பது, பச்சையா உலர்ந்ததா, நீரிலா எண்ணெயிலா, எத்தனை நாள், எந்த வலிக்கு என்று ஊரில் கைவைத்தியம் அறிந்த முதியவர்களிடம் கேட்டு எழுதவேண்டும். பலன் தராத சந்தர்ப்பங்களையும் கேளுங்கள். அவர்கள் கூசாமல் சொல்வார்கள். பின்னால் ஓர் ஆய்வுசாலை அத்தழையைச் சோதிக்க முன்வந்தால் இந்த விவரமே அதற்கு அஸ்திவாரம். ஊருக்குச் சேரவேண்டிய பங்கைக் கேட்பதற்கும் அதுவே பத்திரம்.

பெயர் நிச்சயமில்லாத செடியைப் பூவோடும், கிடைத்தால் காயோடும், ஒரு சாண் நீளக் கிளையாக ஒடித்து, பழைய செய்தித்தாள்களுக்கிடையே விரித்து, மேலே பலகையும் கல்லும் வைத்து அழுத்தவேண்டும். ஓர் இலையையாவது பின்புறம் தெரியும்படி திருப்பி வைக்கவும். முதல் வாரம் தினந்தோறும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கார்த்திகை ஈரத்தில் இரண்டு வாரமும் மாற்றவேண்டியிருக்கும். உடன் ஒரு சீட்டில் ஊர், இடம், தேதி, செடியின் உயரம், பூவின் நிறம், ஊரார் சொல்லும் பெயர் ஆகியவற்றை எழுதவும். பூவின் நிறம் உலர்ந்தால் மாறிவிடுமாகையால் அதை ஒடித்த இடத்திலேயே எழுதவேண்டும். கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்வட்டார நிலையத்தில் உலர்செடிகளின் பெருஞ்சேகரம் இருக்கிறது; அங்கே ஒப்பிட்டுப் பெயரை நிச்சயிக்கலாம். அழுத்திய செடிகளை நான் முகாம் வரும் நாளில் கொண்டுவந்தால், சேர்த்து அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். பூவில்லாமல் கொண்டுவருவதை வாங்கிக்கொள்வதற்கில்லை.